பெலும் காடும் யானை வழியும்

விடியற்காலையில் வேலைக்குப் போனவர்கள் பாதி வழியில் திரும்பி ஓடிவந்து, "யானை இறங்கிவிட்டது" என்று சொன்னால், தோட்டத்தில் அன்றைக்கு வேறு பேச்சே இருக்காது. மேல் பேராக்கிலும் சுங்கை சிப்புட் வட்டாரத்திலும் காட்டோரத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு இது கதையன்று, கண்ணால் கண்டது. நட்டு ஓராண்டு, ஈராண்டு ஆன செம்பனைக் கன்றுகள் நிரை நிரையாகச் சாய்ந்து கிடக்கும். மட்டையை விட்டுவிட்டு நடுக் குருத்தை மட்டும் உருவித் தின்றிருக்கும். ஈர மண்ணில் அகன்ற சட்டி கவிழ்த்ததுபோல் காலடிகள். லயத்துக்குப் பின்னால் நட்டிருந்த நான்கு வாழையும் போயிருக்கும்.

அப்போது எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "இத்தனை பெரிய காடு பின்னால் இருக்கிறதே, அதை விட்டுவிட்டு இது ஏன் இங்கே வருகிறது?" பெரியவர்களில் சிலர், "குருத்தின் ருசி கண்டுவிட்டது, இனி விடாது" என்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் பாதி உண்மை. மற்றப் பாதியை அறிய வேண்டுமானால், யானை வந்த திசையிலேயே நாம் பின்னோக்கிப் போய், பேராக் மாநிலத்தின் வடகோடியில் இருக்கும் பெலும் காட்டைப் பார்த்துவர வேண்டும். அதன் மேடு எது, பள்ளம் எது, எந்த உயிர் எந்த இடத்தை நாடி வாழ்கிறது என்று தெரிந்துகொண்டால் யானையின் கணக்கும் நமக்குப் புரிந்துவிடும்.

ஈப்போவிலிருந்து புறப்படுவோம். ஈப்போவின் ஆறு கிந்தா. அது தெற்கே ஓடிப் பேராக் ஆற்றில் கலக்கிறது. நாம் போகவேண்டியதோ அந்தப் பெரிய ஆற்றின் தலைமாட்டுக்கு. ஆகவே சுங்கை சிப்புட்டைத் தாண்டிக் கோலாகங்சாரில் ஆற்றைப் பிடித்துக்கொண்டு வடக்கே ஏற வேண்டும்.

கோலாகங்சாரில் ஒரு நிமிடம் நிற்கலாம். நம்மைப் போன்றவர்கள் இந்த நாட்டில் இருப்பதற்கு அந்த ஊரும் ஒரு காரணம். 1877-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு விதையிலிருந்து முளைத்த ரப்பர்க் கன்றுகள் சில அங்கே நடப்பட்டன. அவற்றில் ஒன்று இன்றும் பெருமரமாக நிற்கிறது. நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டிய அந்த மரம், தன் தாய்நாடான அமேசான் காட்டில் நிரையாக நிற்பதில்லை. இங்கே ஒன்று, நெடுந்தொலைவு தள்ளி ஒன்று என்று, நூறு வகை மரங்களுக்கு நடுவே தனித்தனியே நிற்கும். அங்கே அதை நெருக்கி நட்டுத் தோட்டம் போட முயன்றவர்கள் இலைக்கருகல் நோயால் தோற்றுப்போனார்கள். மரத்துக்கு மரம் நோய் தாவ வழி கிடைத்ததுதான் காரணம். காடு என்பது கலந்து நிற்பது. தோட்டம் என்பது பிரித்து நிறுத்துவது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

ஆற்றையொட்டி ஏறும்போது முதலில் வருவது லெங்கோங். அங்குள்ள சுண்ணாம்புக்கல் குகையொன்றில் கிடைத்த மனித எலும்புக்கூடு பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையது. 2012-இல் அந்தப் பள்ளத்தாக்கை உலக மரபுடைமை என்று அறிவித்தார்கள். இந்த ஆற்றங்கரையில் மனிதர் வாழ்வது நேற்றுத் தொடங்கியதன்று என்பதற்கு அது போதும். அடுத்தது கிரிக் பட்டணம். கிரிக்கிலிருந்து சாலை கிழக்கே திரும்பி, மலை மலையாக வளைந்து கிளந்தான் மாநிலத்து ஜெலிக்குப் போகிறது. ஏறத்தாழ 40 கிலோமீட்டர் போனதும் மரங்கள் விலகி, இரு புறமும் தண்ணீர் விரிகிறது. அதுதான் தெமெங்கோர் ஏரி. அதன் நடுவே பாலங்கள் தாங்கி நிற்பது பண்டிங் தீவு. சாலைக்கு வடக்கே தாய்லாந்து எல்லைவரையிலும், கிழக்கே கிளந்தான் எல்லைவரையிலும் பரந்து கிடப்பது ரோயல் பெலும் மாநிலப் பூங்கா. 2007-இல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பூங்காவாகப் பதிவான அதன் பரப்பு 117,500 ஹெக்டர். நம் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம் ஏக்கர். ஈராயிரம் ஏக்கர்த் தோட்டம் என்றால் அந்தக் காலத்தில் பெரிய தோட்டம். அப்படி நூற்று நாற்பத்தைந்து தோட்டங்களை ஒன்றாகச் சேர்த்தால் எவ்வளவோ, அவ்வளவு. சாலைக்குத் தெற்கே இருப்பது தெமெங்கோர்க் காடு. அது வேறு வகை. மரம் வெட்ட அனுமதியுள்ள காடு.

பண்டிங் தீவில் நின்று பார்த்தால் பெலும் ஒரே பச்சையாகத்தான் தெரியும். நாங்கள் முதன்முறை போனபோது எங்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது. படகுக்காரர்தான் கையை நீட்டி, "அதோ, அந்த முதுகின்மேல் இலை வெளுத்துத் தெரிகிறதே, அது செராயா மரம். கீழே கறுத்துத் தெரிவது வேறு" என்று காட்டினார். அதற்குப் பிறகு கண் பழகிவிட்டது. காடு மாடிவீடு மாதிரி. ஒவ்வொரு தளத்திலும் வேறு வேறு குடித்தனம்.

கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயரம்வரை இருப்பது தாழ்நிலக் காடு. ஆறுகள் விரிந்து ஓடும் இடம். வண்டல் சேரும் இடம். இங்கே மரங்கள் பருத்து உயரும். பழ மரம், பிரம்பு, மூங்கில், காட்டுவாழை எல்லாம் மிகுதி. தேனீக்கள் கூடு கட்டும் துவாலாங் மரம், காட்டின் கூரைக்கும் மேலே தலைநீட்டி வெள்ளைத் தூணாக நிற்கும். அதற்குமேல் ஏறத்தாழ 750 மீட்டர்வரை குன்றுக்காடு. படகுக்காரர் காட்டிய செராயா, மெரந்தி இனத்து மரம். அது மலைமுதுகை நாடும். இன்னும் மேலே போனால் மரம் குட்டையாகி, பாசி படர்ந்து, குளிரும் பனிமூட்டமும் மிகுந்த காடாகிவிடும். பெலுமின் உயர்ந்த சிகரங்கள் 1,500 மீட்டரை எட்டுகின்றன.

மெரந்தி இனத்து மரங்களுக்கு ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. அவை ஆண்டுதோறும் பூப்பதில்லை. சில ஆண்டுகள் சும்மா நின்றுவிட்டு, ஒரு வறட்சிக்குப் பின், ஏதோ பேசி வைத்துக்கொண்டதுபோல் காடு முழுவதும் ஒரே பருவத்தில் பூத்துத் தள்ளும். இறகு வைத்த விதைகள் பம்பரமாகச் சுழன்று இறங்கும். பன்றியும் எலியும் தின்று தின்று அலுத்துப்போகும் அளவுக்கு விதை விழுந்தால்தான் மிச்சம் முளைக்கும். நடுவிலுள்ள வெற்று ஆண்டுகளில் விலங்குகள் என்ன செய்யும்? நடக்கும். ஒரு பள்ளத்தாக்கிலிருந்து இன்னொன்றுக்கு, மலையிலிருந்து ஆற்றங்கரைக்கு, ஆற்றங்கரையிலிருந்து உப்பு ஊற்றுக்கு நடந்துகொண்டே இருக்கும். காட்டு விலங்கின் வீடு ஓரிடமன்று. பல இடங்களும் அவற்றுக்கிடையே உள்ள பாதையும் சேர்ந்ததுதான் அதன் வீடு.

யானையை எடுத்துக்கொள்வோம். வளர்ந்த யானை ஒரு நாளைக்கு நூறு கிலோவுக்கு மேல் தின்னும். அதுவும் பெரும்பாலும் புல், மூங்கில், பனையினச் செடிகள், பிரம்பு, வாழை, இளங்கொடி. நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மரம் நெருங்கிய முதுகாட்டில் நிலத்தருகே தீனி குறைவு. இலை எல்லாம் முப்பது நாற்பது மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே இருட்டும் சருகும்தான். ஆகவே யானை நாடுவது வெயில் விழும் இடங்களை: ஆற்றங்கரை, மரம் சாய்ந்து திறந்த வெளி, காட்டின் ஓரம். செங்குத்தான மலையைவிடச் சரிவு குறைந்த தாழ்நிலமே அதற்குப் பிடித்தது. உடம்பின் கனத்தை எண்ணிப் பார்த்தால் அதில் வியப்பில்லை.

அந்தத் தாழ்நிலம் என்னவாயிற்று? மேல் பேராக்கைப் பொறுத்தவரை இதற்கு இரண்டு விடை உண்டு. ஒன்றை நாம் எல்லாரும் அறிவோம். தாழ்ந்த, சரிவு குறைந்த, நீர்வளமுள்ள நிலத்தில்தான் முதலில் ரப்பர்த் தோட்டமும், பின்னர் செம்பனைத் தோட்டமும், நிலக் குடியேற்றத் திட்டங்களும் வந்தன. நம் முன்னோர் காடு வெட்டிக் கன்று நட்ட நிலம் யானையின் மேய்ச்சல் நிலம். அவர்கள் மேல் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. எந்த நிலத்தை வெட்டுவது என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. கோடரியைக் கையில் கொடுத்துக் காட்டினார்கள், வெட்டினார்கள்.

மற்ற விடை தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. 1967-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பேராக் ஆறு பெருக்கெடுத்துக் கீழ்ப்பகுதி ஊர்களை மூழ்கடித்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கலாம். இன்று தெலுக் இந்தான் எனப்படும் அந்நாளைய தெலுக் அன்சன் வரையில் வெள்ளம். அப்படிப்பட்ட வெள்ளத்தைத் தடுக்கவும் மின்சாரம் எடுக்கவும் 1970-களில் ஆற்றின் குறுக்கே தெமெங்கோர் அணை எழுந்தது. 127 மீட்டர் உயரம். 348 மெகாவாட் மின்சாரம். 1930-லேயே ஓடத் தொடங்கிய செண்டெரோ அணையோடும், பின்னர் கட்டிய கெனெரிங், பெர்சியா அணைகளோடும் சேர்ந்து ஒரே ஆற்றில் இன்று நான்கு அணைகள். அணையின் பின்னே தேங்கிய தண்ணீர் 15,200 ஹெக்டர் பரப்பில் ஏரியாயிற்று. நிரம்பிய ஏரியின் மட்டம் கடல்மட்டத்துக்குமேல் ஏறத்தாழ 248 மீட்டர். அப்படியானால் அந்த மட்டத்துக்குக் கீழே இருந்த பள்ளத்தாக்கு முழுவதும், பேராக் ஆற்றின் தலைப்பக்கத்துத் தாழ்நிலக் காட்டின் நல்ல பகுதி முழுவதும், மூழ்கிப்போயிற்று. ஏரியில் படகு போகும்போது நாம் மிதப்பது பழைய காட்டின் கூரைக்கு மேலே. இத்தனை ஆண்டுகள் கழித்தும் பட்டுப்போன மரங்கள் தண்ணீருக்கு மேலே வெளுத்த எலும்புபோல் நிற்கின்றன. குன்றின் உச்சிகள் தீவுகளாகிவிட்டன. விடியற்காலையில் அந்தப் பட்டமரங்களின் மேல் மீன் பிடிக்கும் கழுகுகள் உட்கார்ந்திருப்பதைக் காணலாம்.

இது பேராக்கில் மட்டும் நடந்ததன்று. ஆப்பிரிக்காவில் சாம்பேசி ஆற்றின் குறுக்கே 1950-களின் இறுதியில் கரீபா அணையைக் கட்டினார்கள். அங்கே தண்ணீர் ஏறியபோது மான்களும் குரங்குகளும் பாம்புகளும் குன்றுச்சிகளில் சிக்கிக்கொண்டன. படகுகளில் போய் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட விலங்குகளைப் பிடித்துக் கரை சேர்த்தார்கள். அந்த வேலைக்கு விவிலியக் கதையில் கப்பல் கட்டிய நோவாவின் பெயரையே வைத்தார்கள். ஆற்றங்கரையில் வாழ்ந்த தொங்கா மக்கள் ஏறக்குறைய 57,000 பேர் இடம்பெயர நேர்ந்தது. ஏரியின் தென்கரையில், இன்றைய ஜிம்பாப்வே நாட்டில், மட்டுசடோனா என்ற தேசியப் பூங்கா 1975-இல் உருவாயிற்று. அங்கேயும் பட்டமரங்கள் தண்ணீரில் நிற்கின்றன. ஆனால் ஒரு வேறுபாடு. கரீபா ஏரியின் மட்டம் இறங்கும்போது கரையில் ஒருவகைப் புல் அகலமாகப் படர்ந்து, காட்டெருமைக் கூட்டங்களுக்கே மேய்ச்சல் தரையாகிவிட்டது. வெயில் காய்ந்த திறந்த நாடு அது. நம் தெமெங்கோரிலோ கரை செங்குத்து. மழைக்காடு தண்ணீர்வரை இறங்கி நிற்கிறது. மட்டம் இறங்கும் மாதங்களில் ஆங்காங்கே குறுகலான புல்வெளி தலைகாட்டும். அதை நாடி மாலையில் யானையும், மலாய்க்காரர்கள் செலாடாங் என்று சொல்லும் காட்டுமாடும் இறங்குவதுண்டு. பறிபோன பள்ளத்தாக்குக்கு அது ஈடாகாது.

இனி, பெலுமின் மற்ற இடங்களைப் பார்ப்போம். அவற்றில் நம் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது சீரா எனப்படும் உப்பு ஊற்று. காட்டுக்கு நடுவே கலங்கிய சேற்றுக்குட்டை, பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதைச் சுற்றி மண் மிதிபட்டுப் பாறைபோல் இறுகியிருக்கும். எத்தனை திசையிலிருந்து பாதைகள் வந்து சேர்கின்றன என்று எண்ணினால், ஈப்போ பேருந்து நிலையம் நினைவுக்கு வரும். இலைதழை தின்னும் விலங்குக்கு உடம்பில் உப்புச்சத்து குறையும். தோட்டத்தில் மாடு வளர்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கழனித்தண்ணீரில் ஒரு பிடி உப்பைப் போட்டுவைத்தால் மாடு சட்டியை நக்கித் தீர்க்கும் அல்லவா? காட்டில் அந்த உப்பைப் பூமியே ஊற்றாகத் தருகிறது. யானை, காட்டுமாடு, கடமான், தாப்பிர் எல்லாம் இரவில் வந்து அந்தச் சேற்றுநீரைக் குடிக்கின்றன. அவற்றின் பின்னால் புலியும் வருகிறது. முன்னங்காலும் பின்னங்காலும் கறுப்பாக, நடுவுடம்பு வேட்டி கட்டியதுபோல் வெள்ளையாக இருக்கும் தாப்பிரை நேரில் காண்பது அரிது. அதன் மூன்று விரல் தடத்தைச் சீராவின் ஓரத்தில் காணலாம்.

ஆறுகள் இன்னொரு வகைக் குடியிருப்பு. ஏரியில் சேரும் சிற்றாறுகளில் நீர் கண்ணாடிபோல் பாறைமேல் ஓடும். கெலா மீனுக்கு அப்படிப்பட்ட நீர்தான் வேண்டும். கரைமரங்களிலிருந்து விழும் பழத்தையும் அது தின்னும். மேலே மரத்தை வெட்டி மண் கரைந்து நீர் கலங்கினால் கெலா போய்விடும். ஏரியின் ஆழ்நீரிலோ தோமான் மீன். நம் விரால் இனம்தான், அளவில் அண்ணன். தன் குஞ்சுக்கூட்டத்தின் கீழேயே காவல் நீந்தும்.

மேலே பார்த்தால் இருவாய்ச்சிப் பறவைகள். தீபகற்ப மலேசியாவில் உள்ள பத்து வகையும் பெலும், தெமெங்கோர்க் காடுகளில் இருக்கின்றன. பெட்டை, பெருமரத்துப் பொந்துக்குள் புகுந்து, வாயிலைச் சேறும் எச்சமும் கொண்டு அடைத்துக்கொண்டு அடைகாக்கும். சிறு பிளவின் வழியாக ஆண்பறவை பழம் கொண்டுவந்து ஊட்டும். ஆண்பறவை கண்ணியில் விழுந்தால் உள்ளே இருப்பவையும் பட்டினி. பெரிய பொந்து வேண்டுமானால் முதிர்ந்த மரம் வேண்டும். ஆண்டு முழுவதும் பழம் வேண்டுமானால் அத்திமரம் வேண்டும். ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் ஒருவகை இருவாய்ச்சி நூற்றுக்கணக்கிலும், சில நாள் ஆயிரத்துக்கு மேலும், கூட்டம் கூட்டமாக ஏரியைக் கடந்து பறக்கும். இறக்கையின் ஓசை, தொலைவில் மழை வருவதுபோல் கேட்கும்.

நிலத்தில் பூக்கும் ரஃப்ளீசியாவைப் பற்றி ஒரு சொல். இலையில்லை, தண்டில்லை. ஒரு காட்டுக்கொடிக்குள் ஒட்டுண்ணியாக வாழ்ந்து, பல மாதம் மொட்டாக இருந்து, ஏறத்தாழ ஒரு வாரம் மட்டும் பெருந்தட்டாக மலர்ந்து அழுகிவிடும். அந்தக் கொடி வேறு யாருமல்ல. நாம் துவையல் அரைக்கும் பிரண்டையின் சொந்தக்காரி. பெலுமில் கண்டறிந்த ஒருவகைக்குப் பேராக் சுல்தானாக இருந்த அஸ்லான் ஷாவின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

காட்டில் மனிதரும் உண்டு. பூர்வகுடிகளில் ஜஹாய் மக்கள் பெலும் பக்கத்திலும், தெமியார் மக்கள் தெமெங்கோர் பக்கத்திலும் வாழ்கிறார்கள். ஜஹாய் மக்கள் ஓரிடத்தில் தங்காமல், பழமும் கிழங்கும் கிடைக்கும் பருவத்துக்கேற்ப இடம் மாறி வாழ்ந்தவர்கள். பிரம்பும் அகிற்கட்டையும் எடுத்து விற்றவர்கள். அவர்களும் யானையைப்போல் நடந்துகொண்டே வாழ்ந்தவர்கள்தாம். அவசரகாலமும் அணையும் அவர்களை ஓரிடத்தில் கட்டிப்போட்டன. 1948 ஜூனில் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைத் துரைமார் சுடப்பட்டதையடுத்துப் பிறந்த அவசரகாலம், நம் குடும்பங்களையும் கம்பி வேலிக்குள் தள்ளியது. அதன் அலை பெலுமையும் தொட்டது. 1952-இல் பிரிட்டிஷ் படையினர் பாரசூட்டில் பெலும் பள்ளத்தாக்கில் குதித்தார்கள். கம்யூனிஸ்டுகளோடு 1989 டிசம்பரில் உடன்பாடு ஏற்படும்வரை அந்த எல்லைக்காடு சாதாரண மக்களுக்கு மூடிய காடாகவே இருந்தது. சொன்னால் விந்தையாக இருக்கும்: மரம் வெட்டுவோர் உள்ளே நுழையாமல் காடு தப்பியதற்கு அந்த அச்சமும் ஒரு காரணம்.

இப்போது சாலைக்கு வருவோம். கிரிக்–ஜெலி நெடுஞ்சாலை 1982-இல் திறக்கப்பட்டது. அதற்குமுன் இங்கிருந்து கோத்தா பாருவுக்குப் போக நாட்டைச் சுற்றவேண்டியிருந்தது. சாலை மக்களுக்கு நன்மை, அதில் ஐயமில்லை. ஆனால் அது பெலும் காட்டையும் தெமெங்கோர்க் காட்டையும் இரண்டாகப் பிளந்தது. யானைகளின் கழுத்தில் கருவி கட்டி, அவை போகும் இடங்களை ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகள் கண்காணித்தார்கள். 2018-இல் வெளிவந்த அந்த ஆய்வு சொல்வது இது: சாலை இல்லையென்றால் யானைகள் பத்து முறை கடந்து போயிருக்கும் இடத்தில், இப்போது இரண்டு முறைதான் கடக்கின்றன. அப்படிக் கடப்பதும் பெரும்பாலும் இரவில். அதோடு இன்னொன்று. சாலையோரத்தில் மரம் வெட்டிய இடத்தில் வெயில் விழுந்து புல் வளர்கிறது. அந்தப் புல் யானையை இழுக்கிறது. தடுப்பதும் சாலை, அழைப்பதும் சாலை. விலங்குகள் அடியில் கடந்து போகட்டும் என்று பிற்பாடு ஓரிடத்தில் நீண்ட மேம்பாலமும் கட்டினார்கள். நல்ல வேலை. ஆனால் இத்தனை நீளச் சாலைக்கு ஒரு வாயில் போதுமா?

2025 மே 11-ஆம் நாள் விடியுமுன் அந்தச் சாலையில் ஒரு லாரி மோதி யானைக்கன்று ஒன்று மாண்டது. லாரிக்கு அடியில் சிக்கிய கன்றை விட்டு நகராமல், தாய் யானை லாரியின் முகப்பில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்ற படத்தை நாடே பார்த்தது. அன்றைக்கு அன்னையர் தினம். தோட்டத்தில் யானையை ஏசுகிற வாய்கள்கூட அன்று அடங்கிப்போயின.

காட்டில் குறைந்து வருவது வழிமட்டுமன்று. பெலுமில் ஒருகாலத்தில் காண்டாமிருகம் இருந்தது. 2019-இல் மலேசியாவின் கடைசிக் காண்டாமிருகமும் சபாவில் இறந்துவிட்டது. நாடு முழுவதும் எடுத்த கணக்கில் காட்டுப்புலி நூற்றைம்பதுக்கும் குறைவு. திருட்டு வேட்டைக்காரரின் கம்பிக்கண்ணிக்குப் புலியென்றும் மானென்றும் தெரியாது.

ஆக, யானை ஏன் இறங்குகிறது? நாம் கண்டதைக் கோத்துப் பார்த்தால் விடை எளிது. அதற்குப் பிடித்த தாழ்நிலத்தில் ஒரு பங்கு ஏரிக்கடியில். ஒரு பங்கு நம் தோட்டத்தில். மிஞ்சிய மலைக்காட்டில் தீனி உண்டு, ஆனால் சிதறிக் கிடக்கிறது. சேர்த்துத் தின்ன நடக்க வேண்டும். நடக்கும் வழியில் தண்ணீரும் தார்ச்சாலையும் குறுக்கிடுகின்றன. காட்டோரத்திலோ வெயில் விழுந்த வெளியில், ஒரே மட்டத்தில், ஆயிரக்கணக்கான பனையினக் குருத்தை நிரையாக நட்டு வைத்திருக்கிறோம். காட்டில் பகல் முழுவதும் தேடிச் சேர்க்கிற தீனி, இங்கே ஒரு நிரையில் கிடைக்கிறது. யானையிடத்தில் நாம் இருந்தால் நாமும் இறங்கித்தான் வருவோம்.

1974 முதல் வனவிலங்கு இலாகாவினர், அசாமிலிருந்து வந்த பழக்கிய யானைகளின் துணையோடு தொடங்கி, தோட்டங்களில் புகுந்த யானைகளைப் பிடித்துப் பெரிய காடுகளில் விட்டு வருகிறார்கள். பெலுமிலும் பல யானைகள் அப்படி விடப்பட்டிருக்கின்றன. கொண்டுபோய் விட்ட யானைகளில் சில, மலை தாண்டித் தாம் பிடிபட்ட பக்கமே திரும்பிவிடுவதும் உண்டு. மின்வேலி பெரிய தோட்டத்துக்கு உதவுகிறது. வேலி போட முடியாத பக்கத்துச் சிறுதோட்டக்காரரின் நிலத்துக்கு யானை திரும்பிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஓரிரவில் போன கன்று இரண்டாண்டு உழைப்பு.

காட்டோரத்தில் இன்னும் குடியிருக்கும் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள். யானையைக் கண்டால் வெடி கொளுத்தி விரட்டுகிறேன் என்று இளைஞர்கள் மோட்டார்சைக்கிளில் கிட்டப் போகவேண்டாம். கூட்டத்தில் கன்று இருந்தால் தாய் திரும்பி வரும். கைப்பேசியில் படம் எடுக்க நெருங்குவதும் அப்படித்தான். அது வந்த வழியை அடைத்துக்கொண்டு நிற்காதீர்கள். பெரும்பாலும் வந்த வழியே திரும்பும். விடியுமுன் வெளிக்காட்டுக்குப் போகிறவர்கள் புதுச்சாணமோ ஒடிந்த கன்றோ கண்டால், வெளிச்சம் வரும்வரை உள்ளே போகாமல், இலாகாவுக்குச் சொல்லி அனுப்புங்கள். கிரிக் சாலையில் இரவில் வண்டி ஓட்டுகிறவர்கள், யானைப் பலகை கண்ட இடத்தில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் யானையின் நிறமும் தாரின் நிறமும் ஒன்றாகத்தான் தெரியும்.

பெலுமை நேரில் காண விரும்புகிறவர்கள் முன்கூட்டியே அனுமதி பெற்றுப் படகில்தான் உள்ளே போக முடியும். பள்ளி விடுமுறை ஆகஸ்டு, செப்டம்பரில் வாய்த்தால் பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். மாலை ஐந்து, ஆறு மணிக்குப் படகை நிறுத்தச் சொல்லிவிட்டு மேலே பார்த்திருங்கள். முதலில் மழைபோல் ஓசை வரும்.